பந்தலில் ஒரு பிலஹரி



வைகாசி இதழ் அச்சுக்குப் போகும் இந்த வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஆளுக்கொரு கல்யாணம். மண்டபம், சமையல், பூ, வாழைமரம் என்று எல்லாத் தொழிலுக்கும் கை ஓயாத நேரம். இந்தப் பட்டியலில்தான் நாதஸ்வரக்காரரையும் சேர்த்துப் பேசுகிறோம். “மேளத்துக்குச் சொல்லியாச்சா?” என்ற கேள்வி, “தண்ணி கேனுக்குச் சொல்லியாச்சா?” என்ற கேள்வியோடு ஒரே மூச்சில் வருகிறது. சொல்லியாச்சு என்று பதில் வந்ததும் அந்த மனிதரை மறந்துவிடுகிறோம். அவரைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதத் தோன்றியது.

கோயில் உத்தியோகத்தில் இருப்பவரைச் சொல்லவில்லை. அவருக்குச் சம்பளம் கொஞ்சமானாலும் மாதாமாதம் வந்துவிடும். நான் சொல்வது தன்னை மட்டுமே நம்பி, கூப்பிட்ட ஊருக்குப் போய் வாசித்துக் குடும்பம் நடத்தும் வித்வானை. கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்துக் கிராமங்களில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் அவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. மற்ற மாதங்களிலும் முகூர்த்த நாள்தான் கணக்கு. நல்ல வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரே தேதிக்கு நாலு வீட்டிலிருந்து போன் வரும். அது கழிந்தால் பத்து நாளைக்கு ஒரு போன் வராது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் கொஞ்சம் தாங்கும். மார்கழியில் சென்னை சபாக்கள் சிலவற்றில் தொடக்க நாளன்று மங்கள இசை வாசிக்கக் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் ரசிகர்கள் பெரும்பாலும் கேன்டீனில் இருப்பார்கள்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். சரியாகப் பங்குனி. கோயில் திருவிழாக்கள் நின்றன, சித்திரையும் வைகாசியும் கைவிட்டுப் போயின. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தபோது, பல வீடுகளில் அந்த ஐம்பதில் மேளக்காரர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. செல்போனை ஸ்பீக்கரில் மாட்டிக் கெட்டிமேளம் ஒலிக்கவிட்டுத் தாலி கட்டினார்கள். தாலி ஏறியது, சரிதான். ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டை அந்த மூன்று மாதங்களில் சேர்த்துக்கொள்ளும் வீடுகள் எப்படிச் சமாளித்தன என்று அப்போது யாரும் பெரிதாக எழுதவில்லை. நாங்களும்தான்.

ஒரு செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. முன்பு ஒத்து ஊதுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். அவர் இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டார் பேசும் தொகை செட்டுக்கு மொத்தமாக. அதில் கூட வாசிப்பவர், தவில்காரர்கள், தாளம் போடும் பையன், வண்டிச் செலவு எல்லாம் போக மிஞ்சுவது தலைமை வித்வானுக்கு. பெரிய இடத்துக் கல்யாணமென்றால் ‘ஸ்பெஷல் தவில்’ ஒருவரைக் கூப்பிட்டாக வேண்டும். வலையப்பட்டி சுப்பிரமணியம், அரித்துவாரமங்கலம் பழனிவேல் போன்றவர்களால் அந்தப் பட்டத்துக்கு வந்த மவுசு அப்படி. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், அந்தத் தேதி அந்த வீட்டுக்குச் சொந்தம். மறுநாள் ஒருவர் இரண்டு மடங்கு தருகிறேன் என்று வந்து நின்றாலும் போக முடியாது. போனால் அடுத்த முகூர்த்தத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். எழுத்து ஒப்பந்தமெல்லாம் கிடையாது. வித்வான் சொல் தவற மாட்டார். வீட்டார்தான் சில சமயம் மிச்சப் பணத்தை “அப்புறம் அனுப்பறோம்” என்று சொல்லி வண்டியேற்றி விடுவார்கள். அந்த அப்புறம் எப்போது வரும் என்று பஞ்சாங்கத்தில் இருக்காது.

அவர் கையில் இருக்கும் வாத்தியத்தை எப்போதாவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகும் சாலையில் நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர். பெரும்பாலான நாதஸ்வரங்களுக்குப் பிறந்த வீடு அது. 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்வது ஆச்சா மரத்தில். புது மரம் உதவாது; பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் தேடி வாங்குவார்கள். வருஷக்கணக்காகக் காய்ந்து ஈரம் முழுக்கப் போன மரம் வேண்டும். யாரோ ஒருவர் வீட்டில் கூரையைத் தாங்கிய கட்டை, கடைசலில் ஏறிக் குழலாகிறது. விரல் வைக்க ஏழு துளை. மற்றத் துளைகளில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிசெய்துகொள்வார்கள்.

வாயில் வைக்கும் சீவாளி இன்னும் நுணுக்கமானது. காவிரிக் கரை நாணல் தட்டையை வெட்டிப் பதப்படுத்திக் கட்டுவதில் திருவாவடுதுறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நாதஸ்வரத்தின் கழுத்திலிருந்து நூலில் கொத்தாகத் தொங்குவதை அலங்காரம் என்று நினைப்போம். அதில் நாலைந்து உதிரி சீவாளியும் அதைச் சீர்செய்யும் ஊசியும் இருக்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மக்கர் செய்தால், கூட வாசிப்பவர் சங்கதியைத் தாங்கிப் பிடிக்க, இவர் அடுத்ததை நாக்கில் நனைத்துச் செருகிக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் உள்ளே வந்துவிடுவார். குளிரூட்டிய மண்டபங்கள் வந்தபிறகு இந்தச் சங்கடம் கூடிவிட்டது. சீவாளி சீக்கிரம் காய்கிறது, சுருதி நிற்காமல் வழுக்குகிறது. அதற்கு மேல் மைக்கும் வைக்கிறார்கள். நாலு வீதிக்கும் கேட்கும்படி திறந்தவெளிக்கென்று செய்த வாத்தியத்துக்கு, தாழ்வான கூரையுள்ள ஹாலில் எதற்கு மைக்? பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டு, “நாதஸ்வரம் காதைக் கிழிக்குது” என்று பழியை வித்வான் மேல் போடுகிறார்கள். கிழிப்பது ஸ்பீக்கர். தயவுசெய்து உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மைக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இசைக்கலைஞர்கள் எல்லோருமே சபையின் கவனத்தை நம்பி வாழ்கிறவர்கள். இவர் ஒருவர்தான் கவனிக்காதவர்கள் நடுவில் வாசித்தே தேர்ந்தவர். மாப்பிள்ளை அழைப்பில் வெடிச் சத்தம். ஊஞ்சலில் கேலிச் சிரிப்பு. பந்தியில் இலை போடும் சத்தம். நடுவில் “நலந்தானா வாசிங்கண்ணே” என்று துண்டுச் சீட்டு வரும். அந்தப் பாட்டு உள்ள ‘தில்லானா மோகனாம்பாள்’ படம் வந்தது 1968-இல். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் அந்தப் படத்துக்கு வாசித்ததை, அரை நூற்றாண்டு கழித்தும் ஊர் ஊராக இவர்கள் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ராகம் ஒன்றை எடுத்து விரித்துக்கொண்டு போகும்போது, மணமேடையிலிருந்து ஒரு விரல் உயர்ந்து ஆடும். “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” தும்மலோ அழுகையோ அமங்கலச் சொல்லோ அந்த நேரத்தில் யார் காதிலும் விழக்கூடாது என்று வந்த ஏற்பாடு. விரல் ஆடிய அந்தக் கணத்தில் ராகம் எங்கே நின்றாலும் அறுபட வேண்டியதுதான். உலகத்தில் வேறெந்தக் கச்சேரியிலும் கலைஞரை இப்படி விரல் ஆட்டி நிறுத்தும் உரிமை ரசிகருக்கு இல்லை.

சில வருஷங்களுக்கு முன் கும்பகோணத்தில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். காலை முகூர்த்தம். வித்வானுக்கு அறுபது வயதிருக்கும்; பிலஹரி ராகத்தை எடுத்திருந்தார். மேல் ஸட்ஜத்தை நோக்கி ஏறும் ஒரு பிடியில் இருந்தபோது விரல் ஆடிற்று. அப்படியே விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்கு வந்தார். தவில்கள் கொட்டி முழங்கின. மூன்று முடிச்சும் விழுந்தது, அட்சதை பறந்தது, கூட்டம் மேடைக்குப் பாதியும் டிபன் பந்திக்குப் பாதியுமாகக் கலைந்தது. அதற்கான மங்களப் பாட்டு ஒன்றை முறைப்படி வாசித்து முடித்தார். பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, விட்டாரே அந்த பிலஹரிப் பிடி, அதே இடத்திலிருந்து எடுத்து மேல் ஸட்ஜத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். தவில்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். பக்கத்தில் போய், “யாருமே கேக்கலையே ஐயா, எதுக்கு மெனக்கெட்டீங்க?” என்றேன். “பாதியில விட்டா ராத்திரி தூக்கம் வராது தம்பி. அதுவுமில்லாம, நீங்க கேட்டீங்களே” என்றார். அடுத்த நிமிஷம் நலங்குக்கு நேரமாயிற்று என்று யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

இந்த இடத்தில் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியாது. 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர். அவருடைய தோடி ராகத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, வித்வானை எப்படி நடத்த வேண்டும் என்று அவர் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது. பகட்டான உடை, மேடையில் உட்கார்ந்து வாசிப்பது, கேட்ட சன்மானத்தில் விட்டுக்கொடுக்காதது. கர்வம் என்றார்கள். அதுநாள் வரை தோளில் துண்டு போடவே யோசித்த ஒரு சமூகத்துக்கு அந்தக் கர்வம் தேவையாக இருந்தது என்பதே என் கட்சி. உயர்ந்த சுருதியில் அலறும் திமிரியிலிருந்து, நீளமான, கனத்த நாதமுள்ள பாரிக்கு வாத்தியம் மாறியதிலும் அவருக்கும் நரசிங்கம்பேட்டையில் வாத்தியம் செய்த ரங்கநாதன் ஆசாரிக்கும் பங்குண்டு. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வாசித்தது 1962. இரண்டே வருஷத்தில், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, இங்கே சீடர்களை உருவாக்கினார். அதே ஸ்ரீரங்கத்தில் வாழும் காலீஷாபி, ஷேக் மகபூப் சுபானி தம்பதிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கோயில் வாசலில் இந்த வாத்தியம் யாரிடமும் மதம் கேட்டதில்லை.

இப்போது கல்யாணங்களில் செண்டை மேளம் வந்துவிட்டது, டி.ஜே. வந்துவிட்டது. அதைக் குறை சொல்லிப் பக்கத்தை நிரப்ப விருப்பமில்லை. செண்டை அடிக்கும் பையன்களும் கூப்பிட்ட இடத்துக்கு வேனில் வந்து போகிறவர்கள்தான். என் ஆதங்கம் வேறு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்று வருஷம் நாதஸ்வரமும் தவிலும் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளை நாம் எப்படி வரவேற்கிறோம்? பந்தியில் அவர்களுக்கு எப்போது இலை போடுகிறோம்? விடியற்காலை நாலு மணிக்கே வந்து உட்கார்ந்தவர்களுக்குக் காபி போயிற்றா என்று கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் உண்டா? மணமேடைக்கு ஆயிரம் விளக்குப் போடும் மண்டபத்தில் அவர்கள் வேட்டி மாற்றிக்கொள்ள ஒரு அறை இருக்கிறதா? இதற்கெல்லாம் அரசாங்க உத்தரவு தேவையில்லை. மண்டபம் புக் செய்யப் போகிற மாமா கேட்டால் போதும்.

இந்த இதழில் மேளக்காரக் குடும்பங்களைப் பற்றிச் சில பக்கங்கள் வந்திருக்கின்றன. அடுத்த இதழிலும் தொடர்வோம். அதற்கு உங்களிடம் ஓர் உதவி. தஞ்சைப் பக்கத்துப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் வாசிக்கப்போகிற வித்வானின் பெயரையும் ஊரையும் அச்சிடும் வழக்கம் இருந்தது. மணமக்கள் பெயரோடு அவர் பெயரையும் பார்த்துவிட்டுத்தான் சிலர் கல்யாணத்துக்கே கிளம்புவார்கள். உங்கள் பீரோவிலோ பரணிலோ உங்களுடையதோ, அப்பா அம்மாவுடையதோ அப்படி ஒரு பத்திரிகை இருந்தால் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள். அன்று என்ன வாசித்தார் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் நாலு வரி எழுதுங்கள். பத்திரிகையைத் தபாலில் அனுப்ப வேண்டாம். தொலைந்துபோனால் பாட்டிக்கு யார் பதில் சொல்வது?

அன்புடன்,
ஆசிரியர்