சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் சட்டை வேண்டாமே!

புதுக்கோட்டை மாவட்டம் ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு பக்கம் போனால், தெருவையே அடைத்து நிற்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கலாம். அவற்றில் பல நூறு வயதைத் தொட்டவை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலும் இடம்பிடித்தன. ஆனால், பல வீடுகளில் இப்போது பூட்டுதான் தொங்குகிறது. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள்.

விசேஷத்துக்கு எல்லோரும் கூடும்போதுதான் வெளிச்சுவரில் கறுப்பு படர்ந்திருப்பதும் பூச்சு உதிர்ந்திருப்பதும் கண்ணில் படும். 'வருஷா வருஷம் யார் வெள்ளையடிக்கிறது? ஒரேயடியா சிமென்ட் பூசி பெயின்ட் அடிச்சிடலாம்' என்று முடிவாகும். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

ஏன் கூடாது?

பழைய செங்கல் சுவர் மழைநீரையும் தரையின் ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம் என்பதால், வெயில் வந்ததும் அந்த ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் பூச்சு இறுக்கமானது. அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஓதம் ஏறும், உப்பு பூக்கும், பெயின்ட் கொப்பளிக்கும். கடைசியில் சிமென்ட் பெயர்ந்து விழும்போது, மெத்தென்ற பழைய செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். இழந்த செங்கல்லை வெள்ளையடித்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சுண்ணாம்பு லேசுப்பட்டதல்ல. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து, மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகும். இதே மாவட்டத்தின் சித்தன்னவாசலில் ஆயிரம் வருடங்களைக் கடந்த ஓவியங்கள் இருப்பதும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான். ஆனால், அவை குகைக்குள் பத்திரமாக இருக்கின்றன. மழையில் நனையும் வீட்டுச் சுவருக்கு ஆண்டுதோறும் கவனிப்பு தேவை.

மழைக்கு முன்...

* முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடைந்த ஓடு, அடைத்துக்கொண்ட கூடல்வாய், ஒழுகும் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் சுவரில் கைவைப்பது வீண்.

* சுவரின் அடியில் மண் குவிந்திருந்தால் அள்ளிவிடுங்கள். மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடட்டும்.

* கைப்பிடிச் சுவரில் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

* விரலால் சுவரைத் தட்டுங்கள். 'டொப்' என்று பொள்ளல் சத்தம் கேட்டால், அங்கே பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையாலேயே பூசச் சொல்லுங்கள். அது இறுக நாளாகும் என்பதால், ஐப்பசி மழைக்கு ஒரு மாதம் முன்பாவது முடித்துவிடுங்கள்.

கழுவுவது எப்படி?

பாசிக்கும் அழுக்குக்கும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கம்பி பிரஷும் அழுத்தமாகப் பீய்ச்சும் மெஷினும் பூச்சையே அரித்துவிடும். ஆசிட் பக்கமே போகாதீர்கள். அது சுண்ணாம்பைக் கரைத்துவிடும்.

தை பிறந்தால் வெள்ளை!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் சுவருக்கும் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்காது. சுண்ணாம்பு நிதானமாகக் காய ஏற்ற நேரம் அது.

ஒரு கிலோ கல் சுண்ணாம்புக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர். நீர்த்த பிறகு ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கரைத்துச் சேர்க்க வேண்டும். சுவரை லேசாக நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது.

கவனம்: நீர்க்கும் சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். தெறித்துவிட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவி, டாக்டரிடம் ஓடுங்கள்.

உங்களுடையது சிமென்ட் வீடா?

விரிசலை அடைத்த பிறகே பெயின்ட் அடியுங்கள். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுபவர்கள், அதோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பூர்வீக வீட்டுக்காரர்கள், அடுத்த முறை பங்காளிகள் கூடும்போது வருடாந்திர வெள்ளையடிப்புச் செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் யாராவது ஊரில் இருந்தால், சிமென்ட் மூட்டை வாங்குவதற்கு முன் அவரை அழைத்து ஒருமுறை சுவரைக் காட்டுங்கள்.