தாராவிக்கு டிக்கெட் எவ்வளவு?

மும்பைக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் வழக்கமாக என்னென்ன இருக்கும்? கேட்வே ஆஃப் இந்தியா, எலிபெண்டா குகைகள், மெரின் டிரைவ், சித்தி விநாயகர் கோவில். இதில் இன்னொன்றும் சேர்ந்து நிலைத்துவிட்டது. தாராவி! 2000களின் நடுவில் வழிகாட்டி வைத்து நடத்தும் சுற்றுலாவாக இது தொடங்கியது. 2008ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படம் வந்து கூட்டத்தைக் கூட்டிவிட்டது. 2019ல் ஒரு பெரிய பயண இணையதளத்தின் பயணிகள் தேர்வில், தாராவிச் சுற்று தாஜ்மகாலையே பின்னுக்குத் தள்ளிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பாவம் ஷாஜகான்.

உனக்கு இதில் என்ன எரிச்சல் என்று கேட்பீர்கள். நான் ராணிப்பேட்டைக்காரன். தாராவியில் சுற்றுலாப் பயணி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும் தோல் பட்டறை எனக்கு வெளியூர் அதிசயம் இல்லை, பக்கத்துத் தெரு. அதோடு அந்தத் தொழிலை அங்கே கொண்டுபோனதில் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கோலி மீனவர்கள் இருந்த சதுப்பு நிலத்தில், 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிடும் சாலைகளை அமைத்தார்கள். பின்னாலேயே வேலை தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஊரை விட்டு நாற்றமடிக்கும் தொழில் தள்ளியே இருக்கட்டும் என்று பம்பாய் அவர்களை ஓரத்தில் வைத்தது. பிறகு நகரம் வளர்ந்து அந்த ஓரத்தையே நடுவாக்கிவிட்டது. இன்று பதனிடுவது அங்கே பெரிதாக இல்லை. வெளியூர்களில் பதனிட்ட தோலை வாங்கி பெல்ட், பை, பர்ஸ் தைக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தச் சுற்றுலாவுக்கு ஆதரவாக மூன்று வாதங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, 'ஏழ்மையை நேரில் பார்த்தால்தான் புரியும்.' அப்படியா? அப்படியானால் எங்கள் ஊருக்கு ஏன் ஒருவரும் வருவதில்லை? 2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டது. அதில் ராணிப்பேட்டை உண்டு. 1990களில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல். 2015 ஜனவரி 31ம் தேதி விடியுமுன், சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவுச் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று தமிழன் பம்பாய்க்குப் போனான், இன்று வங்காளி நம்மூருக்கு வருகிறான். புரிந்துகொள்ளத்தான் ஆசை என்றால் இங்கேயும் வரலாமே? வரமாட்டார்கள். ஏனென்றால் முத்துக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விமான நிலையமோ, திரும்பிப் போய்க் குளிக்க நட்சத்திர ஓட்டலோ இல்லை. பார்த்துவிட்டு மதிய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரத்தில் இருக்கும் ஏழ்மைதான் அவர்களுக்கு வேண்டும்.

இரண்டாவது, 'அந்தப் பணம் அங்குள்ள பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது.' லாபத்தில் பெரும்பகுதியை அப்படிச் செலவிடும், போட்டோ எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் அமைப்பும் உண்டு. நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் அம்மாவிடம் யாராவது கேட்டார்களா, 'அக்கா, தினமும் பத்து பேர் இந்தப் பக்கம் வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமா' என்று? உங்கள் தெருவில் தினமும் ஒரு கூட்டம் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், பக்கத்துப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தோம் என்று சொன்னதும் சும்மா இருப்பீர்களா?

மூன்றாவது கொஞ்சம் வலுவான வாதம். 'தாராவி என்றால் பிச்சைக்காரர்கள் என்ற தப்பான எண்ணம் போய், அது உழைக்கும் ஊர் என்று தெரிகிறது.' உண்மைதான். மண்பாண்டம், தோல், பிளாஸ்டிக் மறுசுழற்சி, தையல் என்று இரவும் பகலும் நடக்கும் தொழில்கள் அவை. ஆனால் உழைப்பை மதிக்கிறவன் என்ன செய்வான்? கடைக்குப் போய்ப் பொருளை வாங்குவான். டிக்கெட் எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் நின்று வேலை செய்பவனை வேடிக்கை பார்க்கமாட்டான். வழிகாட்டிக்குக் கேட்ட தொகையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, பெல்ட் தைத்தவனிடம் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்பதற்குப் பெயர் மரியாதையா?

இதைச் சொன்னவுடன் இன்னொரு கோஷ்டி கைதட்டும். 'பாருங்கள், வெள்ளைக்காரன் வந்து நம் மானத்தை வாங்குகிறான், மூடி மறைக்கணும்!' மன்னிக்கவும், நான் உங்கள் கட்சி இல்லை. அசிங்கம் ஏழை வீட்டில் இல்லை, அதை அப்படியே வைத்திருப்பதில்தான் இருக்கிறது. அதோடு வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்வானேன்? 'நாயகன்', 'காலா' பார்த்துவிட்டு, மும்பை போனால் தாராவியில் ஒரு செல்ஃபி என்று கிளம்பும் நம்மவர்கள் குறைவா?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள் இலவச வீடு. பின்னால் வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, காசு கட்டியோ தவணையிலோ. வீடும் பட்டறையும் ஒன்றாக இருப்பதால்தான் அங்கே பிழைப்பு ஓடுகிறது. இரண்டையும் பிரித்தால் தைக்கிறவன் என்ன ஆவான்? தாராவி என் கண்ணைத் திறந்தது என்று உருகி எழுதிய பயணிகளில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?

ஆகவே மும்பை போகிற நண்பர்களே, ஒரு வேண்டுகோள்.

1. தாராவிக்குப் போங்கள், ஆனால் வாடிக்கையாளராகப் போங்கள். சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலையில் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நல்ல பையாகப் பார்த்து, சொன்ன விலைக்கு வாங்குங்கள்.

2. கேமராவைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

3. தமிழில் பேசிப் பாருங்கள். திருநெல்வேலித் தமிழில் பதில் வரலாம். எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று கேளுங்கள். அவர்களும் உங்களைக் கேட்பார்கள். கேள்வி இரண்டு பக்கமும் போனால்தான் அது சந்திப்பு. ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதென்றால் அதற்கு மிருகக்காட்சி சாலை இருக்கிறது, பைகுல்லாவில்.