ரேடியேட்டரை மாற்றுமுன் காற்றின் வழியைப் பாருங்கள்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எமது திருகோணமலைப் பகுதியில் இரண்டு வியாபாரம் சூடு பிடிக்கும். ஒன்று இளநீர், மற்றது ரேடியேட்டர். உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன் என்ற வகையில், எனது கல்லாவுக்கு நட்டம் தரக்கூடிய ஒரு விடயத்தை இவ்வாரம் எழுத விரும்புகிறேன். ரேடியேட்டர் கேட்டு வருபவர்களில் பலருக்கு ரேடியேட்டர் தேவையே இல்லை. அவர்களது வாகனத்துக்குத் தேவைப்படுவது காற்று.

இதை நான் ஒரு நட்டத்தின் மூலம்தான் படித்துக் கொண்டேன். அதுவும் அடுத்தவருடைய நட்டத்தில்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றி பேலியகொடச் சந்தைக்குக் கொண்டு செல்லும் ஒரு தம்பி எனது கடைக்கு வந்தார். "காக்கா, ஊருக்குள்ள மெதுவாப் போனா முள்ளு ஏறுது. பெரிய ரோட்டுல ஓடினா இறங்குது. பெரிய ரேடியேட்டர் ஒண்டு தாங்க" என்றார். நானும் ஒரு வரிசை கூடிய, தடித்த ரேடியேட்டர் ஒன்றைக் கொடுத்தேன். தண்ணீர் கூடினால் குளிர்ச்சியும் கூடும் என்பது எனது எண்ணம்.

இரண்டு வாரத்தில் அது பொய்த்தது. ஹபரணைக்கு இப்பால் காட்டுப் பகுதியில், யானை வீதியைக் கடக்கும்வரை வாகனங்கள் வரிசையாக நின்ற இரவு அது. எஞ்சினை நிறுத்தாமல் நின்ற லொறி கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. யானை நடமாடும் இடத்தில் இறங்கிப் பார்க்கவும் முடியவில்லை. விடிவதற்குள் ஐஸ் கரைந்தது, மீனும் போனது. பிறகு கராஜில் திறந்து பார்த்தபோதுதான், விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கவரே அந்த லொறியில் இல்லை என்பது தெரிந்தது. முன்னர் எப்போதோ பெல்ட் மாற்றியபோது கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை.

அந்தத் தம்பி நோயின் அடையாளத்தைச் சரியாகவே சொல்லியிருந்தார். கேட்க வேண்டிய நான்தான் கேட்கவில்லை.

எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சில்லைச் சுழற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரில் ஏறுகிறது. தண்ணீர் அந்தச் சூட்டைச் சுமந்து வரும் கூலியாள் மட்டுமே. அதை வாங்கிக்கொண்டு வெளியே போவது காற்று. காற்று வராவிட்டால் கூலியாள் சுமையை இறக்க இடமின்றி மீண்டும் எஞ்சினுக்கே கொண்டு போவான். 1901ஆம் ஆண்டின் மேர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மைபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரைச் செய்தபோது 8,070 சிறு சதுரக் குழாய்களை அடுக்கிக் காற்றுக்கு வழி விட்டார், பின்னால் ஒரு விசிறியும் வைத்தார். வேகம் குறைந்தாலும் காற்று வர வேண்டும் என்பது அன்றே தெரிந்த விடயம்.

விசிறிக்குக் கவர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கவர் இல்லாத விசிறி, ரேடியேட்டருக்குள்ளால் காற்றை இழுக்கக் கஷ்டப்பட்டு, பக்கத்தில் இருக்கும் எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். காற்றும் தண்ணீரைப் போலத்தான், இலகுவான வழி கிடைத்தால் அதில் போய்விடும். தடித்த ரேடியேட்டரில் காற்று நுழைவது இன்னும் கடினம். ஆகவே நான் விற்ற பொருள் அந்த நோயைக் கூட்டவே செய்தது.

"வெய்யில்தான் காரணம்" என்று பாஸ்மார் சொல்வதையும் கணக்குப் பார்ப்போம். ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு, தண்ணீருக்கும் வெளிக் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 பாகை, வெளியே 28 பாகை என்றால் வித்தியாசம் 62. வெளியே 38 பாகையானால் வித்தியாசம் 52. ஆகவே வெய்யில் பறிப்பது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நல்ல நிலையில் உள்ள வாகனம் அதைத் தாங்கும். தாங்காவிட்டால் மீதியை நாம்தான் பறித்திருக்கிறோம்.

எனவே பணத்தை எடுக்குமுன் சில விடயங்களைப் பாருங்கள். மெதுவாகப் போகும்போது சூடேறி, ஓடும்போது இறங்கினால் குறை பெரும்பாலும் விசிறிப் பக்கம். கவர் இருக்கிறதா, பெல்ட் வழுக்குகிறதா, விசிறி தலைகீழாகப் பூட்டப்பட்டுள்ளதா, மின்விசிறியானால் வயர் மாறி எதிர்ப்பக்கம் ஊதுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட ஓடச் சூடேறினால் ரேடியேட்டரின் உள்ளே அல்லது வெளியே அடைப்பு இருக்கலாம். இரவில் எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டரின் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது. ஏசி உள்ள வாகனங்களில் ஏசியின் கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில்தான் குப்பை அதிகம் தேங்கும். எஞ்சின் ஆறிய பின் எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீரால் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் வேகமான நீர் அந்த மெல்லிய தகடுகளை மடித்துவிடும். முன்புறத்தில் மேலதிக விளக்கு, பெனர், கம்பி வலை என்று கட்டியிருந்தால் அகற்றிவிடுங்கள். ரேடியேட்டரின் ஓரங்களில் இடைவெளி இருந்தால் இறப்பர் பட்டியால் அடையுங்கள்.

நம்மிடையே இரண்டு தவறான பழக்கங்களும் உண்டு. ஒன்று, சூடேறினால் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அதனால் எஞ்சின் சூடாகாமல் ஓடி எண்ணெயைக் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, சூடு இன்னும் கூடும். மற்றது, கிணற்று நீர் ஊற்றுவது. கரையோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படிந்து குழாய்களை அடைக்கும். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் செலவு போலத் தெரிந்தாலும் அதுவே சிக்கனம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரேடியேட்டரே வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் காற்றின் உப்புப் பட்டு, தகடுகள் கையில் உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு தகரத் துண்டை வெட்டிக் கவர் செய்தால் தீரக்கூடிய குறைக்கு முழு ரேடியேட்டரை விற்பது வியாபாரமாகாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளையும் வேன்களையும் வைத்தே எமது மக்கள் பிழைத்தார்கள். இன்றும் பலருக்கு அதே வண்டிதான் சோறு போடுகிறது. அந்த எஞ்சின் போனால் ஒரு குடும்பத்தின் வருமானமே போகும்.

இப்போது எனது கடையில், ரேடியேட்டர் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்வி கேட்காமல் பொருளை எடுப்பதில்லை. எப்போது சூடேறுகிறது? கவர் இருக்கிறதா? கடைசியாக எப்போது கழுவினீர்கள்? சிலர் பதில் சொல்லிக் கொண்டிருக்கும்போதே விடயம் புரிந்து, வெறுங்கையோடு திரும்பிப் போகிறார்கள். அன்றைய வியாபாரம் குறைகிறதுதான். ஆனால் வாங்குபவருக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொண்டே மறைத்து விற்ற காசு எமக்கு ஆகுமா என்று ஒவ்வொரு வியாபாரியும் யோசிக்க வேண்டும். கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கழற்றியதைத் தயவுசெய்து திரும்பப் பூட்டி அனுப்புங்கள்.