கொரியா கார் நம்பலாமா?

சேமிப்பையெல்லாம் போட்டு முதல் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், கொரியா கார் நம்பலாமா?"

எந்தக் கொரியா கார் என்று திருப்பிக் கேட்பேன். 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோவும் வந்தது, தேவூ மாட்டிஸும் வந்தது. மாட்டிஸ் லட்சணமான வண்டி. ஆனால் 2000-இல் தேவூ மோட்டார் கொரியாவிலேயே திவாலாகி, இங்கும் சில வருடங்களில் உற்பத்தி நின்றுபோனது. வாங்கியவர்கள் ஸ்பேருக்கு அலைந்தார்கள். சான்ட்ரோவோ நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. கம்பெனி நிலைத்தது, ஸ்பேர் கிடைத்தது, தெருமுனை மெக்கானிக்குக்கும் கை பழகியது. அதன் நல்ல பேரில் பாதி இதனால் வந்தது என்பேன்.

இன்னொன்று, பழுதாகாத வண்டியெல்லாம் பத்திரமான வண்டி ஆகாது. பலர் கொண்டாடிய ஐ10, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல், 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பூஜ்யம் வாங்கியது. (ஆல்ட்டோவுக்கும் அன்று பூஜ்யம்தான்.) 2023-இல் வெர்னா ஐந்து நட்சத்திரம் எடுத்தது. மைலேஜ் கேட்கும் முன் இந்த மார்க்கைக் கேளுங்கள்.

புதுச்சேரியில் பழைய வண்டி பார்ப்பவர்கள் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தையும் பாருங்கள். நம் கடல்காற்றுக்கு எந்த நாட்டு இரும்பும் ஒன்றுதான்.