‘ஆள் விட்டு எடுக்கலாம்’ என்றால் எந்த ஆளை?

வீட்டு வேலையை நாமே செய்துகொள்வதா, ஆள் வைத்துச் செய்வதா? ஓசூர் நடுத்தர வர்க்கத்தின் அன்றாடக் கேள்வியாகிவிட்டது இது. சிப்காட்டிலோ அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலோ வேலை, பேங்க் லோனில் வீடு, ஞாயிற்றுக்கிழமை யூடியூப். சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது, டிரில்லிங் மெஷின் வாங்கி அலமாரி மாட்டுவது, ஒழுகும் குழாய்க்கு டேப் சுற்றுவது எல்லாம் சொந்தக் கையால் நடக்கின்றன. முடித்ததும் ஸ்டேட்டஸில் போட்டுப் பெருமைப்படுகிறார்கள். ஒயரிங் என்றால் எலக்ட்ரீஷியன், போர்வெல் என்றால் மோட்டார் மெக்கானிக். எதைத் தானே செய்யலாம், எதற்கு வேலை தெரிந்தவரைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்ய மூன்று அளவுகோல் சொல்கிறார்கள்: திறமை, ஆபத்து, செலவு.

நியாயமான அளவுகோல்தான். அதே அளவுகோலை உங்கள் போர்ட்டிகோ டைல்ஸுக்கு அடியில் கிடக்கும் செப்டிக் டேங்குக்கும் வைத்துப் பாருங்கள் என்கிறோம்.

முதலில் ஆபத்து. டேங்கில் தேங்கிய மலம் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ‘கேஸ் போயிடுச்சு’ என்று நினைத்து இறங்குகிறவர் உண்மையில் அதிக விஷத்துக்குள் இறங்குகிறார். அளவு 700, 1000 என்று ஏறினால் சில மூச்சுகளில் நினைவு தப்பும். அவரைத் தூக்க இறங்குகிறவருக்கும் அதே கதி. ஒரே வீட்டு டேங்கில் இரண்டு, மூன்று பிணங்கள் கிடப்பதன் காரணம் இதுதான்.

அடுத்து திறமை. எந்த மூடியை முதலில் திறப்பது, எவ்வளவு நேரம் காற்றாட விடுவது, விஷவாயுவை எந்தக் கருவியால் அளப்பது, லாரியின் பம்பை எப்படி இயக்குவது, எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என அத்தனையும் பயிற்சி கேட்கிற வேலை. உங்கள் அளவுகோல்படியே பார்த்தால், வீட்டு வேலைகளிலேயே அதிகப் பயிற்சி பெற்றவருக்கும் அதிகக் கூலிக்கும் உரிய வேலை செப்டிக் டேங்க் வேலைதான்.

நடப்பது என்ன? எலக்ட்ரீஷியனுக்கு லைசென்ஸ் கேட்கிறார்கள். டைல்ஸ் போடுகிறவரிடம் முன்பு செய்த வேலையின் போட்டோவைக் கேட்கிறார்கள். மலக்குழிக்கு மட்டும் ‘காலனியில யாராவது இருப்பாங்க, ஆள் விட்டு எடுத்துடலாம்’ என்கிறார்கள். ஒரு பக்கெட், ஒரு கயிறு, ஒரு குவாட்டர், பேரம் பேசிக் குறைத்த கூலி. எலக்ட்ரீஷியன் பையன் ‘தம்பி’, பிளம்பர் ‘அண்ணா’. அப்பா வயதில் இருக்கும் எங்கள் ஆள் மட்டும் ‘டேய்’. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர் இது. மூன்று மொழியிலும் அவரை ஒருமையில் கூப்பிடத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்தால் ஹோஸ் பைப்பில் தூரத்திலிருந்து தண்ணீர். உள்ளே வந்து கை கழுவ அனுமதி கிடையாது.

ஆக, மூன்று அளவுகோலுக்கும் மேலே நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சாதி. அதைத்தான் ‘புரொஃபஷனல்’ என்ற பளபளப்பான சொல் மூடி மறைக்கிறது.

ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் பதிவான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்கள் சுமார் 38,000 பேரின் விவரம் 2024-இல் வெளியானது. அவர்களில் 68.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 விழுக்காடு. திறமையைப் பார்த்து ஆள் எடுக்கிற தொழிலில் இப்படி ஒரு கணக்கு வருமா? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். அந்த அடுக்கில் கடைசிப் படி இன்றைக்கும் உங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் இருக்கிறது.

இதற்கு வருகிற பதில்களைப் பார்ப்போம்.

‘அவர்களே விரும்பித்தானே வருகிறார்கள்?’ 1970களிலிருந்து சிப்காட் கம்பெனிகள் வரிசையாக வந்த ஊர் இது. அந்த கேட்டுக்குள் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் நிரந்தர வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் துடைப்பத்தோடு போனார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு ‘விருப்பம்’ பற்றிப் பேசுங்கள். வேறு கதவுகளைச் சாத்திவிட்டு, திறந்திருக்கும் ஒரே குழியில் இறங்குவதை விருப்பம் என்று சொல்லக்கூடாது.

‘காந்தி சொன்னபடி அவரவர் கழிவை அவரவரே சுத்தம் செய்தால் போச்சு.’ 1901-இல் கல்கத்தா காங்கிரசில் கக்கூஸைத் தன் கையால் துப்புரவு செய்த காந்தியை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ‘நீயே செய்’ என்ற தத்துவத்துக்கு அவரைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆனால் அவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போக முடிந்தது. எங்கள் பாட்டிகளால் முடியவில்லை. நீங்கள் குழிக்குள் இறங்கிப் பாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் உடம்புக்குப் பதில் உங்கள் உடம்பு செத்தால் அது சமத்துவம் ஆகாது. எந்த மனிதரும் இறங்கக்கூடாது என்பதே எங்கள் கோரிக்கை.

‘நாங்கள் லாரியைத்தானே கூப்பிடுகிறோம், ஆளை யார் இறக்குகிறார்கள்?’ இந்தப் பதில்தான் அதிகம் வருகிறது. லாரி வருவது உண்மை. லாரி வந்த பிறகும் ஆள் ஏன் இறங்குகிறார்?

பொறியியல் கையேடுகள் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்கை எடுக்கச் சொல்கின்றன. நம் ஊரில் கழிவறை நிரம்பி வழிகிற வரை யாரும் நினைப்பதில்லை. பத்து ஆண்டு கிடந்த கசடு அடியில் இறுகிவிடும். பம்பின் ஹோஸ் அதை இழுக்காது. ‘அடியில கெட்டியா இருக்கு’ என்பார் லாரிக்காரர். அடுத்த வாக்கியம் உங்களுக்கே தெரியும். நாப்கினும் துணியும் பிளாஸ்டிக்கும் உள்ளே போட்டிருந்தால் ஹோஸ் அடைத்துக்கொள்ளும். அப்போதும் அதே வாக்கியம்தான். மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி அழகு பார்த்தவர்கள், ஒரு ஓட்டை மட்டும் உடைத்துத் தருகிறார்கள்; காற்றுப் போக வழி இருக்காது. சந்துக்குள் லாரி நுழையாத இடத்தில் வரிசையாக லைன் வீடுகளைக் கட்டி, சிப்காட் தொழிலாளிக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள், நான்கு பேருக்குக் கட்டிய டேங்கை நாற்பது பேருக்குப் பயன்படுத்துகிறார்கள். இவை எல்லாம் வீட்டு உரிமையாளர் எடுத்த முடிவுகள். சாவு மட்டும் எங்களுடையது.

புது வீட்டிலும் சாவு இருக்கிறது. புதிதாகக் கட்டிய டேங்கில் மலமே கிடையாதே, என்ன ஆபத்து என்று மேஸ்திரி சென்ட்ரிங் பலகை பிரிக்க ஆளை இறக்குவார். பல நாள் மூடிக் கிடந்த ஈரக் குழியில் பலகை மக்கி, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். நாற்றம் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. இறங்கியவர் அப்படியே சரிவார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் 7-வது பிரிவு, எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக்கூடாது என்கிறது. ‘எந்த நபரும்’ என்பதில் வீட்டு உரிமையாளரும் அடக்கம். ‘மறைமுகமாகவோ’ என்பதால் ‘கான்ட்ராக்டரிடம் விட்டேன்’ என்று தப்பவும் முடியாது. முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம் வரை. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ள வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயும். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது.

இந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதைத்தான் ‘ஆபத்தான’ வேலை என்று அது வரையறுக்கிறது. கருவி கொடுத்தால் இறக்கலாம் என்ற வாசலை அடைக்காமல் விட்டது. அந்த வாசல் வழியாகத்தான் ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் காட்டித் தப்பிக்கிறார்கள். போலீசும் பெரும்பாலும் ‘கவனக்குறைவால் மரணம்’ என்று எழுதி முடிக்கப் பார்க்கிறது.

1993-க்குப் பிறகு இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. 2014 தீர்ப்பு சஃபாய் கரம்சாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் வந்தது. அந்த இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பெஜவாடா வில்சன் பிறந்தது கோலார் தங்கவயலில், நம் எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே உலர் கழிப்பறைகளில் மலம் அள்ளிய குடும்பத்தின் பிள்ளை அவர். எங்கள் ஆட்களுக்குத் திறமை போதாது என்பவர்களுக்கு இது ஒன்றே பதில். குழியிலிருந்து வெளியே வந்தவர்கள்தான் நாட்டுக்கே சட்டம் கற்றுக்கொடுத்தார்கள்.

ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்போம். எதை நீங்களே செய்ய வேண்டும், எதற்கு வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும்?

நீங்களே செய்ய வேண்டியவை: டேங்க் எங்கே இருக்கிறது, மூடிகள் எத்தனை என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே ஒட்டிய டைல்ஸை எடுத்து, கழற்றி மாட்டக்கூடிய மூடி போடுங்கள். கடைசியாக எடுத்த தேதியை எழுதி வைத்து, மூன்று ஆண்டுக்குள் மறுபடி எடுங்கள். நாப்கினையும் துணியையும் கழிவறையில் போடாதீர்கள். ஆசிட்டைக் கொட்டாதீர்கள், அது மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிரைக் கொல்லும், விஷவாயுவையும் கிளப்பிவிடும். இதற்கெல்லாம் யூடியூப்கூட வேண்டாம்.

மற்றவை லைசென்ஸ் உள்ள லாரியின் வேலை. மாநகராட்சியிலோ 14420 என்ற உதவி எண்ணிலோ கேளுங்கள். வருகிறவரிடம் நான்கு கேள்வி: வண்டிக்கு லைசென்ஸ் இருக்கிறதா? தொழிலாளிக்குப் பயிற்சியும் காப்பீடும் உண்டா? எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்க மாட்டீர்களா? கழிவை எங்கே கொட்டுவீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். இரவில் ஓடையிலும் ஏரிக்கரையிலும் கொட்டுகிற லாரிகள் உண்டு. அந்த ஓடைக்கரையில் யாருடைய காலனி இருக்கிறது என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். முறையான லாரி கூடுதல் பணம் கேட்டால் கொடுங்கள். மாடுலர் கிச்சனுக்குப் பேரம் பேசாதவர்கள் இங்கே பேச வேண்டாம்.

ஓசூர் மாநகராட்சிக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும் எங்கள் கோரிக்கை மூன்று. லாரியின் ஹோஸ் எட்டுகிற இடத்தில் திறக்கக்கூடிய மூடியோடு டேங்க் காட்டாத எந்தக் கட்டட வரைபடத்துக்கும் அனுமதி தராதே. வாடகை லைன் வீடுகளின் டேங்குகளைக் கணக்கெடு. லைசென்ஸ் பெற்ற லாரிகளையும், அதை ஓட்டும் முதலாளி உரிமையையும், தலைமுறையாக இந்த வேலையில் உயிரைக் கொடுத்த குடும்பங்களுக்கே கடனோடு கொடு. அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக விரும்பினால் சிப்காட் கேட்டைத் திற.

வீட்டு உரிமையாளர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரில்லிங் மெஷினை எடுப்பதற்கு முன் பின்பக்கம் போய் டேங்க் மூடி எங்கே என்று தேடிப் பாருங்கள். டைல்ஸுக்கு அடியில் இருந்தால், சொந்தக் கையால் செய்ய உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.