டெல்லிக்குச் சென்னையைவிடப் பக்கம் தாஷ்கண்ட்... ஆனாலும் இண்டிகோ விமானம் நின்றது ஏன்?

டெல்லியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 1,760 கி.மீ. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட்டுக்கோ சுமார் 1,580 கி.மீ.தான். ஆனால் 2025 ஏப்ரல் கடைசியில் டெல்லி - தாஷ்கண்ட் சேவையை இண்டிகோ நிறுத்தியது. கஜகஸ்தானின் அல்மாட்டி சேவைக்கும் அதே கதிதான். கையிலிருக்கும் விமானங்களின் பறக்கும் எல்லைக்குள் இந்த ஊர்கள் வராது என்பதே நிறுவனம் சொன்ன காரணம்.

சென்னைக்கு வர்ற விமானத்தால, அதைவிடப் பக்கத்துல இருக்கிற ஊருக்குப் போக முடியாதா?

நடுவில் என்ன இருக்கிறது?

பாகிஸ்தான். பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை அந்த நாடு மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 1944-ம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம். அனுமதி இல்லையென்றால் சுற்றித்தான் போக வேண்டும்.

எந்தப் பக்கம் சுற்றுவது?

வடக்கே இமயமலையும் திபெத் பீடபூமியும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால், பைலட் உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். கீழே மலையே அதைவிட உயரமாக இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் மேற்கே குஜராத், அரபிக்கடல், ஈரான், துர்க்மெனிஸ்தான் என்று சுற்ற வேண்டும். தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எரிபொருள் அதிகம் ஏற்ற வேண்டும். அந்த எடையைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் செலவாகும். பைலட்களின் பணிநேர வரம்பும் இருக்கிறது.

யாருக்கு இழப்பு?

தடை இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டு நிறுவனங்கள் இதே டெல்லியிலிருந்து குறுக்கு வழியில் பறக்கலாம். ஒரே ஊர், ஒரே தூரம். ஆனா ரெண்டு பேருக்கும் பயண நேரம் வேற, செலவு வேற.

இது எவ்வளவு பெரிய அடி என்பதற்கு 2019-ம் ஆண்டே சாட்சி. பாலகோட் தாக்குதலுக்குப் பின் பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் வான்வெளி மூடிக்கிடந்தது. அப்போது இந்திய நிறுவனங்களுக்கு சுமார் 550 கோடி ரூபாய் இழப்பு என மாநிலங்களவையில் அமைச்சர் ஹர்தீப் சிங் பூரி அளித்த கணக்கு காட்டியது. அதில் ஏர் இந்தியாவின் பங்கு மட்டும் 491 கோடி.

இம்முறை 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியது. புதுப்பிப்புப் பணிக்காகச் சில போயிங் 787 விமானங்கள் பறக்காமல் இருந்ததுடன், பாகிஸ்தான் வான்வெளி மூடலையும் காரணமாகச் சொன்னது.

பயணிகள் என்ன பார்க்கணும்?

இணையத்தில் இரு விமான நிலையங்களுக்கு இடையே தேடினால் கிடைப்பது, பூமிப் பந்தின் மேல் வரையும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானம் அந்தக் கோட்டில்தான் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டிக்கெட் எடுக்கும்முன், அந்தந்த நிறுவனம் காட்டும் பயண நேரத்தையும், வழியில் எங்காவது நிற்குமா என்பதையும் பாருங்க. வேறொரு விமானம் மாற வேண்டியிருந்தால், இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்க. ஏன்னா, மேப்ல தூரம் மாறாது. வானத்துல வழி ஒரே நாள்ல மாறிடும்.