தோணி கற்பிக்கும் பாடம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கையைக் காக்கும்படி பாடம் சொல்லி வருகிறோம். ஆனால் ஆற்றைக் கெடுப்பவர்கள் பிள்ளைகளல்லர். வயது வந்த நாமே. நமக்குப் பாடம் சொல்பவர் யார்? துடுப்புத் தோணியில் ஒரு நாள் செல்லும் உல்லாசப் பிரயாணமே அப்பாடத்தைச் சொல்லக்கூடும் என்பது நமது அபிப்பிராயம்.

சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டினூடே ஜனங்களைத் தோணியேற்றிக் காட்டி வருகிறார்கள். 2004-ஆம் வருஷத்துச் சுனாமியின்போது இக்காட்டின் மறைவிலிருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவாயிருந்தது. இது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்றுண்டு. அன்னிய ஆட்சிக் காலத்தில் இக்காட்டைப் பகுதி பகுதியாக வெட்டி மொட்டையாக்கினார்கள். வெட்டிய இடத்தில் நிலம் தாழ்ந்தது. உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. உப்பு மிகவே, உப்பிலேயே வளரும் மரமும் பட்டுப்போயிற்று. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமவாசிகளும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடலின் ஏற்றவற்றம் உள்ளே வந்து உப்பைக் கழுவிச் சென்றது, கன்றுகள் தழைத்தன.

இக்கதை எமக்கெதற்கு என்று முதலிபாளையத்து அன்பர்கள் கேட்கலாம். உப்பின் கதை திருப்பூர்ப் பிரதேசத்துக்குப் புதிதன்று. பனியன் துணிக்குச் சாயமேற்ற உப்பு வேண்டும். அவ்வுப்பு துணியில் தங்காமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பாசனத்துக்கென நொய்யலின் குறுக்கே 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கிற்று. அணைத் தண்ணீரைத் திறக்கவேண்டாம் என்று குடியானவர்களே மறுக்கும் நிலை வந்தது! 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டார் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டனர். நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஓய்ந்தன. கோர்ட்டார் கற்பித்த பாடத்துக்குக் கூலியாட்கள் தங்கள் வயிற்றால் கட்டணம் செலுத்தினார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்ற நிபந்தனை அதன் பின்னரே உறைத்தது.

பிச்சாவரத்து உப்பைக் கழுவக் கடல் வந்தது. நொய்யலின் உப்பைக் கழுவக் கடல் வராது. ஆயிரம் சர்க்கார் சுற்றறிக்கைகள் உணர்த்தாத இவ்வுண்மையை, வாய்க்காலில் தோணியேறிச் சென்று இரு கரையையும் பார்த்தவன் அரை நாழிகையில் உணர்வான்.

ஆகையால் ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஒன்றுகூடி வருஷத்துக்கொரு முறை தொழிலாளரையும் மேஸ்திரிகளையும் அங்கே அழைத்துச் செல்லவேண்டும்; முதலாளிகளும் உடன் செல்லவேண்டும். மோட்டார் படகு வேண்டாம். அதன் இரைச்சலில் பறவையும் பறந்துவிடும், பாடமும் பறந்துவிடும். துடுப்புப் போடுபவரே ஆசிரியர். அவருக்கு நியாயமான கூலி கொடுக்கவேண்டும். திரும்பியதும் 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அங்கீகாரம் பெற்ற நஞ்சராயன் குளத்தைக் காணட்டும். அங்கே தோணியும் வேண்டாம். கரையில் மௌனமாக நின்றாலே போதும்.

ஒரு நாள் பிரயாணத்தால் ஆறு சுத்தமாகிவிடுமா? ஆகாது. ஆனால் கண்டறிந்தவன், இரவில் எவரும் காணாத வேளையிலும் கழிவுக் குழாயைத் திறக்கக் கூசுவான்.

1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனி, கடலும் நமதே என்று தேசத்துக்குக் கற்பித்தது. பிச்சாவரத்துக் காட்டை வெட்டியது அன்னிய ஆட்சி. நொய்யலைக் கெடுத்ததற்கோ பழி சுமத்த அன்னியன் எவனுமில்லை. ஆறும் நமதே, பழியும் நமதே, பரிகாரமும் நமதே.